சபை குறித்துக்கொண்டது

இருபத்திரண்டு வருடம் நான் கூட்டக்குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவள். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் கமிட்டிக் கிளார்க் வேலை. கவுன்சிலர்கள் வட்டமாக இருந்து பேசுவார்கள். நான் தலைவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதுவேன். யார் எவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் மறுநாள் தாளில் வருவது இரண்டு வரிதான். உறுப்பினர் கவலை தெரிவித்தார்; குழு அதைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்டது என்றால் ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று பொருள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்த எல்லாருக்கும் அது தெரியும். மனுவோடு வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஆட்குறைப்பில் அந்த வேலை போனபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. அடுத்த வாரமே இல்ஃபோர்டில் இருந்து அண்ணை போன் எடுத்தார்.

“வேலை போனது கவலைதான், பிள்ளை. ஆனா எனக்கு இப்ப நீ வேணும். உன்னைப்போல ஒரு ஆள்தான் வேணும்” என்றார்.

விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் அம்மா வழியில் யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் ஏழு பரப்புக் காணி இருந்தது. எங்கள் பூட்டன் காலத்தில், ஊரில் வாந்திபேதி பரவியபோது, வெள்ளைக்கார அரசாங்கம் கப்பலில் வருகிற நோயாளிகளை மறித்து வைக்க ஒரு முகாம் போட அந்தக் காணியை எடுத்தது. நோய் அடங்கியதும் தருவதாகச் சொல்லித்தான் எடுத்தது. நோய் அடங்கியது, முகாமும் மூடியது, ஆனால் காணியைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. சில வருடம் பார்த்துவிட்டுப் பூட்டன் பேசாமல் வேலியைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் போய்க் குடியிருந்தார். அதற்குப் பிறகு மூன்று தலைமுறை அங்கேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவம் வந்து அந்தப் பக்கம் முழுவதையும் எழுப்பியது. போர் முடிந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விடுவித்தார்கள். உறுதிப் பத்திரம் காட்டியவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் காணியை மட்டும் பழைய வரைபடம் அரசகாணி என்று காட்டியது.

அண்ணைக்கு அங்கே போய் இருக்கிற எண்ணம் இல்லை. எனக்கும் இல்லை. எங்களுக்கு நடுவில் பிறந்த அக்கா அங்கேதான் இருக்கிறா. இடம்பெயர்ந்தவர்களுக்கென்று போட்ட குடியிருப்பில், தகரக் கூரையின் கீழ், முப்பது வருடத்துக்கு மேலாக. கல்யாணம் செய்யவில்லை. அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்தது அவதான். நாங்கள் இருவரும் லண்டனுக்கு ஓடி வந்தவர்கள்.

“வெள்ளைக்காரன் காலத்துச் சட்டநிரூபண சபையில எங்கட காணியைப் பற்றிக் கேள்வி கேட்டவை. திருப்பித் தருவம் எண்டு வெள்ளைக்காரன் சபையில வாயால சொன்னவன். அம்மா சொல்லுறவ, உனக்கு நினைவில்லையே?” என்றார் அண்ணை.

“நினைவிருக்கு அண்ணை. ஆனா அது கதைதானே.”

“கதையெண்டாலும் சபையில சொன்னது அச்சில இருக்கும். அச்சில இருந்தா காணிக் கந்தோரில குடுக்கலாம்.”

மேற்கு லண்டனில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அவர் ஏற்கெனவே மூன்று வருடம் தனியாகப் போய் வந்திருந்தார். முப்பது வருடம் பெற்றோல் நிலையத்திலும் தபால் பிரிக்கும் இடத்திலும் ஷிப்ட் செய்த மனிதர், ஓய்வெடுத்ததும் பென்சிலும் கையுமாக அங்கே போய் இருந்துவிட்டார். இப்போது அவருக்குப் பார்க்கின்சன். விரல்கள் நிற்காமல் நடுங்கின. பழைய தாள்களை அவர் புரட்டுவது ஆபத்து என்று அங்குள்ள பெண் ஒருத்தி தன்மையாகச் சொல்லியிருக்கிறாள். துணைக்கு யாரையாவது கூட்டி வரச் சொன்னாளாம். அந்தத் துணைதான் நான்.

அவர் எலிசபெத் லைனில் வருவார். நான் வால்தம்ஸ்டோவில் இருந்து விக்டோரியா லைன் எடுத்து, மாறிப் போவேன். கோட்டையும் பையையும் வெளியே பூட்டிவிட்டு, பென்சிலையும் தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். சபை விவாதங்களின் தடித்த தொகுதிகளைப் பஞ்சுத் தாங்கியில் வைத்து நான் புரட்டுவேன். அண்ணை இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு பக்கத்தில் இருந்து வாசிப்பார்.

அந்தச் சபை நடந்த விதம் எனக்கு முதல் நாளே பழகிய விஷயமாக இருந்தது. ஆளுநர் தலைமையில் இருப்பார். ஒரு பக்கம் அரசாங்க அதிகாரிகள். எண்ணிக்கையில் அவர்கள்தான் எப்போதும் கூட. மறுபக்கம் ஆளுநரே நியமித்த ஊர்ப் பிரமுகர்கள், இனத்துக்கு ஒருவராக. தமிழருக்கும் ஒருவர். முதலில் போன கூட்டத்தின் குறிப்பை உறுதிசெய்வார்கள். பிறகு மேசையில் தாள்களை வைப்பார்கள். பிறகு மனுக்கள், கேள்விகள், சட்டமூலங்கள். தெரு வரி, நாய் வரி, கள்ளுக் குத்தகை, ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போடுவது என்று பக்கம் பக்கமாக ஓடும். நியமன உறுப்பினர் அரைமணி நேரம் பேசுவார். அதிகாரி ஒருவர் நாலு வரியில் பதில் சொல்வார். வாக்கெடுப்பு நடக்கும். அதிகாரிகள் எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்குவார்கள். தீர்மானம் தோற்றது.

“இதுக்கு ஏன் இந்த மனுசன் இவ்வளவு நேரம் பேசினவர்? தோற்கும் எண்டு தெரியும்தானே” என்று நான் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அண்ணையின் மனைவி மச்சாள் கட்டிக் கொடுத்த ரோல்ஸை அண்ணை மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பேசாட்டி அதுவும் இல்லை” என்றார்.

மார்கழியில் தொடங்கினோம். மாசி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேள்விகள் என்ற தலைப்பின் கீழ், எங்கள் கரையோர ஊரின் பெயரைக் கண்டேன். எழுத்துக்கூட்டல் பிழையாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர்தான். தமிழ் உறுப்பினர் கேட்டிருந்தார்: வாந்திபேதி முகாமுக்கென்று ஒரு மனுதாரரிடம் எடுத்த காணியை அரசாங்கம் எப்போது திருப்பிக் கொடுக்கும்? ஆளுநருக்கு அடுத்த அதிகாரியான குடியேற்றச் செயலாளர் பதில் சொல்லியிருந்தார்: அந்த நிலம் இனித் தேவையில்லை என்று அரசாங்கத்துக்குத் திருப்தி ஏற்படும்போது அது விடப்படும்.

அவ்வளவுதான். மனுதாரரின் பெயர் இல்லை. ஒரு மனுதாரர், அவ்வளவே.

நான் அண்ணையின் பக்கம் தொகுதியைத் திருப்பினேன். அவர் வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு தொடைக்குக் கீழே இருந்த வலது கையை எடுத்து அந்த வரியின் மேல் வைத்தார். கை நடுங்கியது, பக்கம் சரசரவென்று சத்தம் போட்டது. மேசைக்குப் பொறுப்பான பெண் எழுந்து எங்களிடம் வந்தாள். அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான்தான் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

வெளியே வந்து, வாசலில் நின்றபடியே அவர் அக்காவுக்குப் போன் எடுத்தார்.

“கண்டுபிடிச்சிட்டம்! விடுவம் எண்டு சொன்னவங்கள். அச்சில கிடக்கு.”

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. “அப்ப தருவினமோ அண்ணை?”

“தராமல் ஏலாது. அவங்கட வாயாலேயே சொன்னது.”

“தருவினம் எண்டா நல்லம். இஞ்ச மழைக்கு உள்ளுக்க முழுக்கத் தண்ணி” என்றா அக்கா. அவ அழவில்லை. அண்ணைதான் அழுதார்.

எனக்கு அந்தச் சந்தோஷம் முழுதாக வரவில்லை. ‘திருப்தி ஏற்படும்போது’ என்று எழுதுகிறவன் எதற்கு எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அண்ணை போதும் என்றார். பிரதிக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் ஒரு கேள்விக்கு அப்படிப் பதில் வந்தால், கேட்டவர் விடமாட்டார். அடுத்த கூட்டத்தொடரில் தீர்மானமாகக் கொண்டு வருவார். பழக்க தோஷம், அடுத்த வியாழக்கிழமை தனியாகப் போய் அடுத்த தொகுதியைக் கேட்டு வாங்கினேன்.

நான் நினைத்தபடியே அவர் தீர்மானம் கொண்டு வந்திருந்தார். மூன்று பக்கம் பேசியிருந்தார். முகாம் மூடி வருடக்கணக்காகிவிட்டது, அங்கே இப்போது இருப்பது உடைந்த கிணறும் வேலியும்தான், ஒரு குடும்பத்தின் நிலத்தை அரசாங்கம் காரணமில்லாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று அடுக்கடுக்காகச் சொல்லியிருந்தார். அவர் பேசி முடிந்ததும் குடியேற்றச் செயலாளர் எழுந்திருக்கிறார். உறுப்பினர் வீணாகச் சிரமப்பட்டுவிட்டார், மனுதாரர் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு வந்து, அந்த நிலத்துக்குப் பதிலாக வன்னியில் ஒரு காட்டு நிலத்தை ஏற்றுக்கொள்வதாகச் சம்மதம் தெரிவித்து மனுவை மீட்டுக்கொண்டார் என்றார்.

தமிழ் உறுப்பினர் திகைத்துப் போயிருக்க வேண்டும். தனக்கு அது தெரியாது என்றார். யாழ்ப்பாணத்துக்கு எழுதிக் கேட்க ஒரு வாரம் தவணை கேட்டார். ஆளுநர் தவணை கொடுக்கவில்லை. உடனே வாக்கெடுப்பு. அதிகாரிகள் ஒருமிக்க எதிர்த்தார்கள். தீர்மானம் தோற்றது. அதற்குக் கீழே அடுத்த விஷயம், ஏதோ பாலத்துக்குச் சுங்கம்.

எங்கள் குடும்பத்தில் யாரும் வன்னியில் காணி இருந்ததாக ஒருபோதும் சொன்னதில்லை. பூட்டன் கச்சேரிக்குப் போனாரா, போனால் அவரிடம் என்ன கேட்டார்கள், இங்கிலீசு தெரியாத மனிதர் எதில் கையெழுத்து வைத்தார், ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல இனி யாரும் இல்லை. ஆனால் சம்மதித்தார் என்று அச்சில் இருந்தது.

அந்தப் பக்கத்துக்குப் பிரதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மனுசியின் ஞாபகம் வந்தது. எங்கள் கவுன்சில் ஒரு மாடிக் குடியிருப்பை இடிப்பதற்குத் தீர்மானம் எடுத்த வருடம், அங்கே இருந்த தமிழ் மனுசி ஒருத்தி கூட்டத்துக்கு வந்தா. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். உடைந்த இங்கிலீசில் தொடங்கி, நடுவில் தமிழுக்கு மாறிவிட்டா. என்னைப் பார்த்துத்தான் பேசினா. நான் தமிழ் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. தன் மகன் அந்த வீட்டில்தான் செத்தவன், தான் அங்கிருந்து போகமாட்டன் என்று சொன்னா. மூன்று நிமிடம் முடிந்தது. தலைவர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்ப்பேனா என்பதுபோல. அது என் வேலை இல்லை, நேரமும் இல்லை. மறுநாள் நான் எழுதினேன்: குடியிருப்பாளர்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது, ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை. முந்தின வருட அறிக்கையில் இருந்து எடுத்துப் போட்ட வசனம் அது. அடுத்த கூட்டத்தில் அதை உறுதிசெய்தார்கள். அந்த மனுசியை எங்கே மாற்றினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை இல்ஃபோர்டுக்குப் போனேன். மச்சாள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. பிரதியை அண்ணைக்கு முன்னால் வைத்தேன். வாசித்து முடிக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது.

“நீ ஏன் தேடினனி?” என்றார்.

“இருக்கும் எண்டு தெரிஞ்சது அண்ணை.”

“நான் போதும் எண்டு சொன்னனான்தானே.”

மச்சாள் கோப்பைகளை வைத்துவிட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தா. “அந்தக் காலத்து மனுசன். அவங்கள் கூப்பிட்டு நிப்பாட்டி வைச்சுக் கேட்டிருப்பாங்கள். ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்” என்றா.

“சொன்னவரோ சொல்லேல்லையோ, இது போகக்கூடாது” என்றார் அண்ணை. “முதல் பக்கம் மட்டும் போகட்டும். இதை நாங்கள் காணேல்லை.”

“அக்காவுக்கும் சொல்லுறேல்லையோ?” என்று கேட்டேன்.

“அவளுக்குச் சொன்னா அவள் பொய் சொல்லமாட்டாள். கந்தோரில கேட்டா எல்லாத்தையும் சொல்லிப்போடுவாள். வேண்டாம்.”

மச்சாள் என்னைப் பார்த்தா. நான் அப்போது மறுத்திருக்கலாம். அண்ணையின் கை மேசையில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு மேலாக அந்தக் கையோடு அவர் தேடினது ஒரே ஒரு வரி. “சரி அண்ணை” என்றேன். முதல் பக்கத்துக்குச் சான்றுப் பிரதி எடுத்து, தமிழில் மொழிபெயர்த்து, உறை ஒட்டி அனுப்பியது நான்தான். மற்றப் பக்கத்தை என் வீட்டு அலுமாரியில் வைத்தேன்.

அக்கா அதை அங்குள்ள அரசாங்கக் காணிக் கந்தோருக்குக் கொண்டு போனா. அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கிறோம் என்றார்களாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனா. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்களாம். குடியிருப்பில் இருந்து கந்தோருக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். அவவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு தரமும் போய் வந்து எங்களுக்குப் போன் எடுப்பா.

“பொறுமையா இருக்கச் சொல்லுறாங்கள் அண்ணை. நான் பொறுமையாத்தான் இருக்கிறன்” என்பா.

அண்ணை அவவுக்குத் தைரியம் சொல்வார். நான் அந்த அழைப்புகளில் கூடியவரை பேசாமல் இருந்தேன்.

ஐந்தாவது தரம் போனபோது புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் இருந்தாராம். நல்ல மனிதர் என்று அக்கா சொன்னா. இருக்கச் சொல்லி, எங்கள் காணியின் தாள்கள் இருந்த கோவையை எடுத்து, அவவுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தாராம். அதில் எங்கள் பிரதி இருந்தது. அதற்குக் கீழே மக்கிப்போன பழைய பதிவேடு ஒன்றின் பிரதியும் இருந்தது. அந்த நிலத்துக்குப் பதிலாக வேறு நிலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. அவர்களிடம் அது முதலே இருந்திருக்கிறது. அதனால்தான் யாரும் எதற்கும் பதில் எழுதவில்லை. அம்மா, இனி இதுக்காக அலையாதேங்கோ என்று அவர் சொல்லி அனுப்பினாராம்.

அன்றைக்கு அக்கா அண்ணைக்கு எடுக்கவில்லை. எனக்குத்தான் எடுத்தா. நான் டெஸ்கோவில் வரிசையில் நின்றேன்.

“தங்கச்சி, நீ அந்தப் புத்தகம் முழுக்கப் பாத்தனி. இது உனக்கு முதலே தெரியுமோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ நம்பியிருப்பா.

“ஓம் அக்கா.”

“எப்பயிலயிருந்து?”

“நாங்கள் அந்தக் கடதாசியை அனுப்ப முந்தியே.”

அவவுக்குப் பின்னால் ஏதோ பஸ் சத்தம் கேட்டது.

“எனக்குச் சொல்லியிருக்கலாம்” என்றா. “நான் என்னத்தைக் கேட்டனான்? காணியைத் தா எண்டு நான் உங்களை எப்பவாவது கேட்டனானோ? அண்ணை ஆசைப்பட்டவர், நான் போனன். ஐஞ்சு தரம் அந்தக் கந்தோர்ப் பெட்டையளுக்கு முன்னால போய் நிண்டு, தருவினம் தருவினம் எண்டு சொன்னனான். அவையளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.”

“அக்கா, அண்ணைதான்...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். அது உண்மைதான். ஆனால் உறையை ஒட்டியது நான்.

“அண்ணைக்குச் சொல்லாத” என்றா. “அவர் தாங்கமாட்டார். பாக்கினமாம் எண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன். பாக்கினமாம் அண்ணை. அவர் தலையாட்டினார். ஐந்து மாதம் கழித்து விடுவிப்புப் பட்டியல் ஒன்று வந்தது. பக்கத்து வளவுகள் எல்லாம் இருந்தன, எங்கள் காணி இல்லை. மச்சாளின் தமையன் மகன் அதைப் போனில் அனுப்பியிருந்தான். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு போனை மச்சாளிடம் கொடுத்தார்.

“அப்புவின்ர கையெழுத்து ஒருக்காலும் பாக்கேல்லை நான்” என்றார். அவர் அப்பு என்றது பூட்டனைத்தான். “பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், வைச்சவரோ இல்லையோ எண்டு.”

அந்தக் கையெழுத்துக்காக நான் இன்னும் இரண்டு தரம் காப்பகத்துக்குப் போனேன். மனுவின் மூலப் பிரதி எங்கே என்று கேட்டேன். என்னோடு தேடிய பெண் பதிவேட்டை எல்லாம் பார்த்துவிட்டு, மனுக்கள் லண்டனுக்கு அனுப்பப்படவில்லை, கொழும்பில் இருந்திருக்கலாம், அழிந்திருக்கலாம் என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது அண்ணை தனியாக வெளியே போவதில்லை. சாப்பாட்டை மச்சாள்தான் ஊட்டுகிறா. சில நாட்களில் யார் எவர் என்று தெளிவில்லாமல் பேசுகிறார். சில நாட்களில் நன்றாக இருக்கிறார். நன்றாக இருக்கிற நாட்களில் காணியைப் பற்றிப் பேசுவதில்லை. தெளிவில்லாத நாட்களில்தான், கந்தோரில என்ன சொன்னவை என்று கேட்கிறார். பாக்கினமாம் என்று மச்சாளும் சொல்லப் பழகிவிட்டா.

அக்கா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக எடுத்தா. கந்தோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூரையில் இரண்டு தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, மாரிக்கு முந்தி மாற்ற வேண்டும், ஆள் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்றா. எந்தப் பக்கத்துத் தகரம் என்று கேட்டேன். அடுப்படிப் பக்கம் என்றா. இரண்டு தகரம், அடுப்படிப் பக்கம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு போனை வைத்தோம்.